முதல் விளக்கு

"ஹலோ… ஹலோ! யாரு, மருந்துக் கடையா? … ஆமாங்க, ஆமா, பழவேற்காட்லேர்ந்து ட்ரங்கால். பக்கத்துக் கடை மூர்த்திய கொஞ்சம் கூப்பிடுங்க… மாத்திர இல்லீங்க, மூர்த்தி! ரேடியோ ரிப்பேர் மூர்த்தி! … கோட்டைக்குப்பம் துளசிங்கம்னு சொல்லுங்க, போதும்… சாப்புட உக்காந்துட்டானா? பாதில எழுந்து வரச் சொல்லுங்க… அய்ய, சாவு சேதியெல்லாம் இல்லீங்க. அல்லாரும் நல்லாத்தான் கீறோம். கூப்பிடுங்க."

துளசிங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். உட்கார இடமில்லாமல் இல்லை. கருவாட்டு மண்டி இனாயத்துல்லா பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும்போது தம்முடைய நாற்காலியையே இவர் பக்கம் நகர்த்திப் போட்டு, மண்டியையும் போனையும் இவர் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். ஆனால் அடுத்தவர் கல்லாவுக்குப் பின்னால் உட்காருவது துளசிங்கத்துக்கு வழக்கமில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து கோட்டைக்குப்பத்துப் பெரியதனம் அந்த வீட்டில்தான் இருந்தது. ஏரியில் சேர்ந்து வலை பிடிக்கும் எந்தக் கூட்டு எந்த இடத்தில் எப்போது வலை போடலாம் என்று, சீட்டுப் போட்டுப் பாடு பிரித்துச் சொல்கிற வாய் அந்த வீட்டு வாய். அவர் சொன்னதற்கு மறுபேச்சு கேட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

இன்று அப்படி நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. எதிரே, கருவாட்டு மூட்டை மேல், கங்காதரன் உட்கார்ந்திருந்தான். வர வேண்டாம் என்று சொல்லியும் கூடவே வந்தவன். 'நீங்க தனியா போவீங்களா' என்று கேட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன்.

"ஹலோ… மூர்த்தியா? நான்தாம்பா… ஆமா, ஆமா… பொட்டி நல்லாத்தான் ஓடுது… புகையா? புகையெல்லாம் வரல… ஷாக் அடிக்கல… தகரம் அப்பிடியே கீது, உப்புக் காத்து ஒண்ணும் பண்ணல. நீ கேக்கறத நிறுத்து, நான் சொல்றத கேளு. இன்னிக்கு சாயங்கால பஸ்ஸுல நீ கெளம்பி வரணும்… இன்னிக்கேதான். நாளைக்கு வந்தா ஒதவாது… இன்னா வேலையா? சின்ன வேலை. ஒரு ஸ்க்ரூ… ஒரு வயரு… அவ்ளோதான்… எந்த வயரா?"

துளசிங்கம் கண்ணை உயர்த்தினார். கங்காதரன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கையை உயரத் தூக்கி, இல்லாத ஒரு மணியைக் காற்றில் ஆட்டிக் காட்டினான்.

"இரு கங்காதரா, சொல்றேன்… உன்ன இல்ல மூர்த்தி. நம்ப கங்காதரன் கூட வந்து கீறான்… ஆமா, வடக்குத் தெரு கங்காதரன்தான். அவனுக்கு ஒரு ஆசையாம். விளக்கு வந்து நிக்கும்போது ஒரு மணி அடிக்கணுமாம். ஏரில கீறவனுக்கும் கேக்கணுமாம்… வைக்கலாமா? … சரி, சரி. வைக்கலாம்ன்றான் கங்காதரா… சந்தோஷத்துல தொடைய தட்டிக்கிறான்பா."

அந்தப் பொட்டியின் கதை ஊருக்கே தெரியும். மகன் தாமோதரன் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் மாலுமிகள் ஆடிச் சலித்து இறக்கிப் போட்ட வீடியோ கேம் பொட்டி அது. ஆள் உயரம், நெஞ்சளவில் கண்ணாடித் திரை. திரையில் மேலேயிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே இருந்து சுட வேண்டும். செத்துக் கிடந்த அதற்கு ராயபுரம் மூர்த்திதான் உயிர் கொடுத்தான். அந்நிய நாணயம் போடும் துளையை அடைத்து அங்கே ஒரு பொத்தான் வைத்தான். ஒருவன் மட்டும் ஆடுவது என்ன ஆட்டம் என்று தாமோதரன் கேட்க, பக்கத்தில் இன்னொரு பிடி பொருத்தினான். சாயங்காலங்களில் மங்கிப்போகும் கரண்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர். கடற்காற்றின் உப்பு உள்ளே போகாமலிருக்க முதுகுக்குத் தகரம்.

பொட்டி வந்த நாளிலிருந்து குப்பத்து வாலிபர்களில் பாதிப் பேர் துளசிங்கத்தின் கூடத்தில்தான் கிடந்தார்கள். அடுத்து யார் முறை என்று தினமும் சண்டை. பாடு பிரிக்கிற வீட்டிலேயே முறைச் சண்டையா என்று அவருக்கு நாண்டுகொள்ளலாம் போலிருந்தது. அவர் சொல்லி, மூர்த்தி பொட்டியின் நெற்றியில் எட்டு டார்ச் பல்புகளை வரிசையாகப் பதித்தான். பொத்தானை அமுக்கினால் டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்று உள்ளே சுற்றும். வெளிச்சம் ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை விட்டால் எங்கேயோ ஒன்றில் நிற்கும். அதன் கீழே சாக்கட்டியால் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவனுக்கு முதல் ஆட்டம். சண்டை அன்றோடு ஒழிந்தது.

அதற்கப்புறம் அவர் கேட்டு வாங்கிய ஒன்று மட்டும் ஊருக்குத் தெரியாது. எளாவூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்த ஒரு நாள், விளக்கு எவன் பெயரிலோ போய் நிற்க, மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க நேர்ந்தது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நிற்க வைத்தார்கள் என்ற பேச்சு எளாவூர் வரை போகும். விளக்கை மீறி 'இவர் முதலில் ஆடட்டும்' என்று வாயால் சொல்லவும் முடியாது. முறை சொல்கிறவனே முறையை மீறினால் அப்புறம் அந்த வாய்க்கு என்ன மதிப்பு? ஆகவே பொட்டியின் அடியில், கோரைப்பாய் மூடிய இடத்தில், தையல் மிஷின் மிதிபோல ஒரு கட்டை வந்தது. அதை மிதித்துக்கொண்டிருந்தால் வெளிச்சம் எவ்வளவு ஓடினாலும் முதல் விளக்கில் வந்துதான் நிற்கும். மாப்பிள்ளை வரும் நாட்களில் முதல் விளக்கின் கீழே மாப்பிள்ளையின் பெயர் இருக்கும். துளசிங்கம் பொட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிச் சும்மா நிற்பது போல நிற்பார். அதில் அவர் ஒரு குற்றமும் காணவில்லை. விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது.

"கீறேன், கீறேன்… ஏன் அவசரமா? நாளைக்கு காலைல பொட்டிய அம்மன் கோயில் மண்டபத்துக்கு தூக்கிக்கினு போறாங்க மூர்த்தி… ஆமா, மண்டபத்துக்குதான்… வித்துட்டேனா? இன்னாபா பேச்சு இது! நம்ப வீட்டுப் பொருள விக்கறதா? ஊருக்கு குடுக்கறேன். ஊரு கேட்டுது, குடுக்கறேன்… ஏன் கேட்டுதுன்னா… இந்த வருஷம் பாடு அதுலதான் எடுத்தாங்க… ஏரிப் பாடுதான். எறா பாடு! … ஆமாம்பா, எட்டுக் கூட்டு, எட்டு விளக்கு. சரியா பொருந்துதுன்னு அதுலயே எடுத்துட்டாங்க… இதுல சிரிக்க இன்னா கீது?"

"போன வருஷம் பானைல சீட்டு போட்டாங்க. மடிப்புல அடையாளம் வெச்சிட்டாங்கன்னு ஒரே கலாட்டா… ஆமா. அதான் வயசுப் பசங்க, 'மிஷினுக்கு மாமன் யாரு, மச்சான் யாரு, அது பொய் சொல்லாது'ன்னு புடிச்சிக்கினாங்க… நான் வேணாம்னுதான் சொன்னேன். நெஜமா சொன்னேன்பா. மொதல்ல எழுந்து கைதட்டினது கங்காதரன்தான். இதோ, தலையாட்றான்."

கங்காதரன் தலையாட்டுவதோடு நிறுத்தவில்லை. பாடு எடுத்த நாளிலிருந்து அவன் தினமும் காலையில் பக்கத்துக் குப்பங்களிலிருந்து யாரையாவது அழைத்து வந்து பொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பெரியவர் வீட்டுப் பொருள் என்பான். இந்த நியாயம் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்பான். வந்தவர்கள் துளசிங்கத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கும்பிடும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது.

"கங்காதரா… வாய் கசக்குதுடா. கொஞ்சம் வெத்தல வாங்கியாந்துடேன்… இங்க பக்கத்துக் கடைல வேணாம், வாடிப்போன வெத்தல. பெரிய பள்ளிவாசல் தாண்டி ஒரு கடை கீது பாரு, அங்க வாங்கு… ஆமா, அங்கதான் தளிரா இருக்கும். மெதுவா வா, அவசரம் இல்ல… இருப்பா மூர்த்தி, வெச்சிடாத. ஒரு நிமிஷம் இரு."

கங்காதரன் மறுவார்த்தை பேசாமல் வெயிலில் இறங்கிப் போனான். தமக்குச் சமமாக வலை பிடித்த மனிதனை வேலைக்காரன் மாதிரி ஏவியது துளசிங்கத்துக்கு அவன் முதுகு மறைந்த பிறகுதான் உறைத்தது.

"மூர்த்தி, இப்ப கேளு. அந்தக் கட்ட… கட்ட! … அடுப்புக் கட்ட இல்லடா, பொட்டி அடில கீற கட்ட! மாப்பிள வந்தா மிதிக்கறது… ஆங், அதேதான். அத்த நீ இன்னிக்கு வந்து சத்தம் காட்டாம எடுத்துக்கினு போயிடணும்… ஏன்னா? பொட்டிய தூக்கும்போது பாய சுருட்டுவாங்க. பாத்துட்டு இது இன்னானு கேட்டா நான் எலிப்பொறின்னா சொல்ல முடியும்? … நானே கழட்டறதா? எனக்கு இன்னாபா தெரியும்? கைய வெச்சி பொட்டி எரிஞ்சிபோச்சின்னா? … தாமோதரன் கிட்ட சொல்ல முடியாது… முடியாதுன்னா முடியாது. காரணம் கேக்காத."

"யாரும்மா அது நடுவுல? … எக்ஸ்சேஞ்சா? … பேசிக்கினுதாம்மா கீறேன். நீட்டு, நீட்டிடு… பாய் பேர்லயே எழுதிக்க, நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்… ஹலோ! மூர்த்தி! கீறியா? … இன்னா கேட்ட? கேக்கல… லைன்ல ஒரே எறச்சலு, காதுல விழல…"

கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது. மண்டியில் யாருமில்லை. குவித்து வைத்த நெத்திலிக்குப் பக்கத்தில் ஒரு பூனை மட்டும் சுருண்டு கிடந்தது. துளசிங்கம் குரலைத் தணித்தார்.

"ஆமா… ஆமான்றேன்ல… மிதிச்சேன்… கேக்கலையா? … மிதிச்சேன்… மிதிச்சேன்டா! எத்தினி தடவ சொல்ல வெப்ப? பாடு எடுக்கும்போது அந்தக் கட்டைய நான் மிதிச்சேன்!"

பூனை எழுந்து வெளியே ஓடியது. இந்த மண்டியின் ஓட்டுக் கூரைக்குக் கீழே அவர் வாழ்நாளில் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். எடை குறைந்ததற்கு, விலை குறைந்ததற்கு. அப்போதெல்லாம் அந்தச் சத்தம் வெளியே போயிற்று. இது திரும்பி அவர் மேலேயே விழுந்தது.

"எதுக்கா? … எதுக்குன்னு இன்னா சொல்றது… எளாவூர் சம்பந்தி வந்து உக்காந்திருந்தாரு மூர்த்தி. பாடு எடுக்கறத பாக்கணும்னே வந்திருந்தாரு. முகத்துவாரப் பாடுல மொத முறை நம்ப வீட்டுக்கு வந்து வருஷக்கணக்கா ஆவுது. 'பெரியதனம் வீட்டுக்கே வால்லதானா எடம்'னு போன தடவ சிரிச்சாரு… வெளையாட்டுக்குத்தான் சிரிச்சாரு. தப்பா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் சோறு எறங்கல… பேரு எழுதினது நானு. எங்க வீட்டுக்கு தாமோதரன் பேரு, அத்த மொதல்ல எழுதறது வழக்கம், நானா மாத்தல. ஆனா எழுதும்போதே எனக்கு தெரியும். சாக்கட்டி கைல கீது, தெரியுது, எழுதறேன்… பொத்தான அமுக்கினது யாருன்ற? கங்காதரன். அவன் கை ராசின்னு ஊரே சேந்து அவன அமுக்கச் சொல்லிச்சி. அவன் கண்ண மூடி அம்மாவ கும்பிட்டு அமுக்கறான். நான் பாய் மேல கால வெக்கறேன்."

"ஆமா… தாமோதரன் பேர்லதான் வந்து நின்னுச்சி… கங்காதரனுக்கா? நின்ன பேர அழிச்சி அழிச்சி திரும்ப அமுக்கினதுல அவனுக்கு கடைசி, எட்டாவது… அட, எட்டாவதுன்னா உனக்கு புரியல. முகத்துவாரத்துல மணல் ஏறி அடைக்கற வரைக்கும்தான் எறா ஓடும். அவன் முறை வரும்போது வாயி மூடிக்கினு கெடக்கும். அவன் கூட்டு வீடெல்லாம் தெக்கால சேத்துல எறங்கி நண்டு தடவிக்கினு நிக்கும்… ஒரு வார்த்த சொல்லல மூர்த்தி! மொத ஆளா ஓடியாந்து தாமோதரன கட்டிப்புடிச்சான். அப்பறம் பொட்டிய தொட்டு கண்ணுல ஒத்திக்கினான். அவன் ஒத்திக்கின கை கிட்டத்தான் என் கால் கீது."

  மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது.

"இன்னா? … சிரிக்கறியா? … டேய், நான் செருப்பால அடிச்சிக்காத கொறையா நிக்கறேன், நீ சிரிக்கற… இன்னா இல்ல? … வயரு இல்லையா? எந்த வயரு? … கட்டைக்கா? கட்டைக்கு வயரே இல்லையா? … மெதுவா சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

"ஆமா… ஆமா, போன மாசம் தகரத்த மாத்தி அடிக்க வந்த… ஆமா, நான் பொன்னேரி போயிருந்தேன்… நீயா எடுத்தியா? யார கேட்டு எடுத்த? … யாரு? … தேவகியா?"

தேவகி அவர் மனைவி. பொட்டி வந்த நாளிலிருந்து அதன் பக்கமே போகாதவள். பூச்சி சுடுவதெல்லாம் வேலை இல்லாதவர்கள் வேலை என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவள். கட்டை விஷயம் அவளுக்குத் தெரியும் என்பதே துளசிங்கத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. 

"இன்னா சொல்லி எடுக்கச் சொன்னா? … மறைக்காத. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், சொல்லு… பாடு இதுல எடுக்கப் போறாங்கன்னு பசங்க பேசினது அவ காதுலயும் விழுந்துதா… ஆமா… ஆமா… என் கால நம்ப முடியாதுன்னா? அப்பிடியே சொன்னாளா? … கோவமா சொன்னாளா, சிரிச்சிக்கினு சொன்னாளா? … ரெண்டும் இல்லையா."

"அப்ப… இரு. அப்ப தாமோதரனுக்கு வந்தது? … தானா நின்னுச்சா? கட்ட செத்துப்போயா கெடந்துது? … நல்லா தெரியுமா உனக்கு? … சத்தியமெல்லாம் வேணாம், சும்மா சொல்லு… தானா நின்னுச்சி… தானா நின்னுச்சி! மிஷினு பொய் சொல்லல!"

அவர் சிரித்துவிட்டார். வெட்கமில்லாமல், வாய்விட்டு, பல் தெரியச் சிரித்தார். வலை கிழியும் என்று பயந்து இழுத்தவன் கையில் முழு வலை வந்தது போல இருந்தது. கங்காதரனுக்கு எட்டாவது வந்தது அவன் பொத்தானால். தாமோதரனுக்கு முதலில் வந்தது அவன் நேரத்தால். யாருடைய சோற்றிலும் யாரும் கை வைக்கவில்லை. பாடு சுத்தம். இன்று ராத்திரியே மூர்த்தி இல்லாமல்கூட அந்தக் கட்டையைப் பிடுங்கி ஏரியில் எறிந்துவிடலாம். அதில்தான் உயிரே இல்லையே.

சிரிப்பு அடங்கும்போது வேறொன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்று சம்பந்திக்குக் காபி எடுத்துக்கொண்டு தேவகி சமையலறை வாசலில் நின்றாள். வெளிச்சம் ஓடத் தொடங்கியதும் கூடத்தில் இருந்த அத்தனை தலையும் மேலே நிமிர்ந்தது. அவள் தலை மட்டும் நிமிரவில்லை. விளக்கு நின்று ஊர் கூச்சலிட்டபோதும் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி போன பிறகு ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். கால் வலிக்குதா என்று கேட்டாள். மூட்டுவாதத்துக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாம், கொஞ்சம் வலிக்கிறது என்று இவர் காலை நீட்டினார். அவள் தேய்த்துவிட்டாள்.

"மூர்த்தி… அவ பாத்திருக்கா… விளக்க இல்லடா. என் கால… ஊரே மேல பாத்துச்சி, அவ ஒருத்தி கீழ பாத்தா… வயரு இல்லன்னு அவளுக்கு தெரியும். தெரிஞ்சிக்கினு, நான் மிதிக்கறேனா இல்லையான்னு பாத்துக்கினு நின்னிருக்கா… மிதிச்சேனே…"

"… இல்ல, புரியுது. நீ சொல்றது புரியுது. பாடுல தப்பு இல்ல… ஆமா… ஆமா… கட்டைய எடுத்துட்டா யாருக்கும் தெரியாது. உனக்கு தெரியும், அவளுக்கு தெரியும். ரெண்டு பேரும் சாவற வரைக்கும் சொல்ல மாட்டீங்க… அத்த நீ சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா? அதான்பா என்ன கொல்லுது. எங்க வீட்டு மானத்த நான் காப்பாத்தறேன்னு இத்தினி வருஷம் நெஞ்ச நிமித்திக்கினு திரிஞ்சேன். எங்கிட்டேர்ந்து அவ காப்பாத்தி கீறா."

வாசலில் நிழல் விழுந்தது. கங்காதரன் வந்துவிட்டான். பள்ளிவாசல் தாண்டிப் போய்வந்தவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கேட்டதற்கு மேலேயே வாங்கியிருந்தான். மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு தளிரை எடுத்து வேட்டியில் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து, எழுந்து வந்து இரண்டு கையாலும் நீட்டினான். பெரியவருக்குக் கொடுப்பது என்றால் அவன் எப்போதும் அப்படித்தான் கொடுப்பான்.

துளசிங்கத்தின் கை பாதி நீண்டு நின்றுவிட்டது.

"இரு கங்காதரா… கீழ வை… இல்ல, இப்ப வேணாம்… நல்லாத்தான் கீறேன், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு… மூட்ட மேல வேணாம். இந்த நாற்காலில உக்காரு… பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உக்காருன்றேன்ல."

அவன் திகைத்துப்போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். துளசிங்கம் அவனுக்கு முன்னால் நின்றார்.

"மூர்த்தி, கீறியா? … நீ வராத… வராதன்னா வராத. போயி பாதில உட்ட சோத்த சாப்புடு. கட்ட அங்கயே கெடக்கட்டும்… ஆமா, பாய சுருட்டட்டும், பாக்கட்டும். பாக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன்… தெரியும்பா, பாடு சரியாத்தான் விழுந்து கீது. அது மிஷினோட யோக்கியம், என்னோடது இல்ல… மறுபடி எடுக்கறதா, இதே நிக்கட்டுமான்னு ஊரு முடிவு பண்ணட்டும். அத்த சொல்ற வாயி இனிமே என் வாயி இல்ல… தாமோதரனா? கோவப்படுவான். படட்டும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அத்தயும் சேத்து சொல்லிடறேன்… சம்பந்திக்கா?"

 எளாவூர்க் கூடத்தில் சம்பந்தி சாய்ந்து உட்கார்ந்து, வந்தவன் போனவனிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. 

"… சம்பந்திக்கும் தெரியட்டும்."

"… கங்காதரன் இங்கதான் கீறான். என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறான். சிரிப்பு போயிடுச்சி… இல்ல, அவன்கிட்ட போன குடுக்க மாட்டேன். நீ சொல்லி அவனுக்கு தெரிய வேணாம்… யாரும்மா? … நேரம் ஆயிடுச்சா? … இல்லம்மா, நீட்ட வேணாம். வெட்டிடு. மீதிய நான் இங்கயே பேசிக்கிறேன்."